மேல் வரிசைக் கிளிப்புகள்

மறைமலை நகரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கு ஜோடியாக வந்தவள், கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோனதால் மீன் கூடையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக விற்றவள். பயிற்சி முடிந்து வேலை நிரந்தரமானால் அந்தக் குடும்பம் மூச்சு விடும். இல்லாவிட்டால் மறுபடி கூடைதான்.

எங்கள் வேலை நெட்டுக்குத்தாக நிற்கும் பலகையில். ஒருத்தி கைகளை உயர்த்தியபடியே மேல் வரிசைக் கிளிப்புகளில் ஒயரை அழுத்த வேண்டும். இன்னொருத்தி கீழ் வரிசையை முடித்து, கட்டிய ஒயர்களைப் பெட்டியில் அடுக்கிச் சுமந்துபோக வேண்டும். தெம்பானவளுக்கு மேல் வரிசை என்பது அங்கே எழுதாத சட்டம். நான் காற்றடித்தால் தாம்பரத்தில் போய் விழுகிற ரகம். சூப்பர்வைசர் யோசிக்கவே இல்லை, அவளை மேலே போட்டார்.

டீ நேரத்துக்குள் அவள் கை நடுங்கத் தொடங்கும். கிளிப் உட்காராது, சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும். இந்தப் பக்கம் பெட்டி தூக்கியே என் இடுப்பு கழன்றுகொண்டிருந்தது. கம்பெனி பஸ்ஸில் தலைமுடியை முடிந்துகொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை. நான்தான் முடிந்துவிட்டேன்.

"கூடை வெச்சா நாள் பூரா நடப்பேங்க்கா. இந்த ஒயரு ஒரு கனமும் இல்ல. எனுக்கு இன்னா ஆச்சுன்னே தெர்ல."

"சார்கிட்ட சொல்லிடலாமா?"

"வேணாங்க்கா. கை நோவுதுன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. துணி காயப்போடுவதைத் தவிர என் கைகள் எதற்கும் பழகியதில்லை, ஆனாலும் எத்தனை நேரம் தூக்கி வைத்திருந்தாலும் வலிக்காது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு இடத்தில் கைவிடுகிறது. அது எந்த இடம் என்று வெளியே நிற்பவர்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்களோ.

மறுநாள் அவளைக் கேட்காமலே அவள் இடத்தில் போய் நின்றேன். அவள் பெட்டிகளை இரண்டிரண்டாகத் தூக்கிப் போனாள். லைன் நிற்கவில்லை. மதியம் சூப்பர்வைசர் வந்து, "யாரும்மா மாத்துனது?" என்றார்.

"நான்தான் சார். அவளுக்குக் கை தாங்காது, எனக்கு இடுப்பு தாங்காது."

கொஞ்ச நேரம் லைனைப் பார்த்தார். "சரி, ஓடட்டும். நின்னுச்சுன்னா பழையபடி மாத்திடுவேன்" என்று போய்விட்டார். ரகசியத்தை உடைத்ததற்காக அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேலை நிரந்தரமான அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. "ரொம்பக் கஷ்டமாடி அங்க?"

எப்போதும் இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில், "இல்லம்மா."

அன்று வேறு சொன்னாள். "கைய தூக்கிக்கினே செய்ற வேல எனுக்கு முடியலம்மா. அத இங்க ஒரு அக்கா செய்யுது."