ஸ்ரீரங்கத்தில் ஆதிரையைக் கூப்பிட்டபோது

சின்னக் குழந்தையோடு வெளிநாட்டிலிருந்து திருச்சிக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுத ஆரம்பித்தேன். பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. பயண விவரங்கள் மட்டும் வேண்டும் என்பவர்கள் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடலாம். தப்பாக நினைக்க மாட்டேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹனோவரில். மகள் ஆதிரைக்கு இரண்டு வயது நான்கு மாதம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போகும் குழந்தைகள் காப்பகத்தில் கேட்டால், வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி, குழம்பத்தான் செய்யும், காத்திருங்கள் என்றார்கள். திருச்சி கைலாசபுரத்தில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் என் அக்கா செல்வி போனில் வேறு காரணம் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறீங்க. பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டுல புள்ள எப்படிப் பேசும்? இங்க கொண்டாந்து மூணு வாரம் வை. நாலு பேரு நடுவுல இருந்தா தானா பேசும்."

அது எனக்கு உறைத்தது. கணவர் பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. பிப்ரவரியில் நானும் ஆதிரையும் மட்டும் கிளம்பினோம்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து துபாய் ஆறு மணி நேரம், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு திருச்சிக்கு நாலு மணி நேரம். இரண்டாவது விமானத்தில் மூன்று குழந்தைகள் மாறி மாறி அழுதார்கள். ஆதிரை இறங்கும் வரை தூங்கினாள். பக்கத்து சீட் அம்மா, "எவ்வளவு சமத்து, எந்தச் சத்தத்துக்கும் அசையலையே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜெர்மனியில் எல்லோரும் செய்வதுபோல அவளை ஒரு வயதிலேயே தனி அறையில் தூங்கப் பழக்கியிருந்தோம். பத்தே நாளில் பழகிவிட்டாள் என்று இதே வலைப்பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து கைலாசபுரத்துக்கு டாக்ஸி 600 ரூபாய், முக்கால் மணி நேரம். அக்கா வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரம் சண்டையிலேயே போயிற்று. ஹனோவரில் தட்டை முன்னால் வைத்துவிடுவோம். அவளே அள்ளித் தின்பாள், வேண்டாமென்றால் எடுத்துவிடுவோம். "புள்ளைக்கு ஊட்டாம எதுக்க உக்காந்து வேடிக்க பாக்குறியா நீ?" என்று அக்கா பருப்பு சாதத்தைப் பிசைந்துகொண்டு கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள். ஹனோவரில் அடுத்தவர் குழந்தையைத் தொடுவதற்கு முன் யாராக இருந்தாலும் பெற்றவரைக் கேட்பார்கள். இங்கே பெயர் தெரியாதவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள், வாயில் பிஸ்கட்டைத் திணித்தார்கள். கூடவே, "இன்னுமா பேசல?" என்றும் கேட்டார்கள். பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட அந்தக் கேள்வி வந்தது. அங்கே இரண்டு வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி அது. ஒன்பதாவது நாளும் ஆதிரை பேசவில்லை. நான் வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, அக்கா ஸ்ரீரங்கத்துக்குக் கிளப்பினாள். தெரிந்த ஆட்டோக்காரர் ரஹீம் பாய், போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய். காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. பாய் கண்ணாடியில் ஆதிரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஒம்போது வருசம் ஷார்ஜால இருந்தேம்மா. என் மகன் மொதல்ல பேசுனத போன்லதான் கேட்டேன். நீங்க கூடவே வச்சிருக்கீங்க, அதுவே பெருசு" என்றார். அவள் பேசவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எட்டரைக்கு ராஜகோபுரத்துக்கு வெளியே இறங்கினோம். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு நடந்தோம். ரங்கவிலாச மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். வெளியூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்திருந்தார்கள். அக்கா துளசி மாலை வாங்கப் போனாள். நான் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். ஆதிரை என் புடவையைப் பிடித்திருந்தாள். பாட்டிலை எடுத்து நிமிர்ந்தபோது அவள் இல்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம். பிறகு ஒரு வளையல் கடை முன்னால் அவளுடைய மஞ்சள் கவுன் தெரிந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து அடி தூரம்தான். நடுவில் கயிறு பிடித்து நடந்துபோன ஒரு யாத்திரைக் கூட்டம். என்னால் கடக்க முடியவில்லை. "ஆதிரை" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். நான் அப்படிக் கத்தி நானே கேட்டதில்லை. கயிறு பிடித்தவர்கள் நின்று திரும்பினார்கள். கடைக்காரர்கள் திரும்பினார்கள். அவள் மட்டும் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் பூ விற்கும் அம்மா ஒருவர் எழுந்து போய்க் கவுனைப் பிடித்து நிறுத்தினார். தொட்டதும் ஆதிரை திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் போய் வாரி எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா போகவிடவில்லை.

"ஏம்மா, நீங்க கூப்புட்டது எனக்கு இங்க கேட்டுது. பாப்பா பக்கத்துலதான இருந்துச்சு. அதுக்குக் காது கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்கும்ங்க" என்றேன். குரலில் கோபம் இருந்தது. அவர் பூக்கூடைக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

தரிசனம் செய்தோம். இரண்டு மணி நேர வரிசை. சந்நிதியில் என்ன பார்த்தேன் என்று நினைவில்லை. வரிசையில் அக்காவின் தோளில் சாய்ந்திருந்தவளை நான் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டேன், பிறகு சத்தமாக. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆதிரை திரும்பவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே தில்லைநகரில் ஒரு காது டாக்டரைப் பார்க்க முடிந்தது. அந்த வேகம் ஹனோவரில் நடக்காது. குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டி எடுக்கும் சோதனை. ஒன்றரை மணி நேரம், 2,500 ரூபாய். டாக்டர் அம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு, "பொறந்தப்ப டெஸ்ட் எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"எடுத்தாங்க. நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க."

"அப்ப நல்லா இருந்திருக்கலாம். சில குழந்தைகளுக்குப் பின்னாடிதான் குறையும். இப்ப ரெண்டு காதுலயும் நல்லாவே குறைஞ்சிருக்கு. காதுக்கு மெஷின் வைக்கணும், பயிற்சி தரணும். தாமதம் பண்ணாதீங்க."

"நான் தமிழ்ல பேசவா, ஜெர்மன்லயா டாக்டர்?" என்று கேட்டேன். இரண்டு வருடமாக என்னைத் தின்ற கேள்வி அதுதான்.

"எதுல வேணா பேசுங்க. மொதல்ல அவளுக்குக் கேக்கணும்."

ஆட்டோவில் அக்கா அழுதாள். மன்னார்புரம் தாண்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லாதடி. பொம்பளப் புள்ள. பேச்சு கொஞ்சம் லேட்டுன்னு மட்டும் சொல்லிக்கலாம்." எந்தக் குழந்தையைப் பற்றியும் எதையும் கேட்கத் தயங்காத ஊரில், பதில் தெரிந்ததும் மூடிவைக்கச் சொல்கிறாள் என்று கசப்பாக நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டிலும் வேறென்ன நடந்தது? கேட்பது நாகரிகமில்லை என்று ஹனோவரில் யாரும் கேட்கவில்லை. தனி அறை, அமைதி, நல்ல தூக்கம் என்று நாங்களும் மகிழ்ந்திருந்தோம். அவள் அழுகையை, அறையில் வைத்த மானிட்டரில் நான் கேட்டு ஓடியிருக்கிறேன். என் தாலாட்டு அவளை எட்டியதா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பிரபுவிடம் போனில் சொன்னேன். "நாமதானே பக்கத்துல இருந்தோம்" என்றார்.

மீதி நாட்களில் மலைக்கோட்டை, முக்கொம்பு எதற்கும் போகவில்லை. அவை பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் எண் பஸ் அடிக்கடி உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. குழந்தை வண்டி கொண்டுபோகாதீர்கள், வாசற்படிகளில் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்துவிடும். வெயிலில் கல் சுடும். குழந்தைக்குக் காலுறை போடுங்கள். செவ்வாய்க்கிழமையே இரண்டு மணி நேரம் நின்றோம், விடுமுறை நாள் என்றால் இன்னும் கூடும். குழந்தையின் கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். பேசாத குழந்தை என்றால், யார் என்ன காரணம் சொன்னாலும், ஒருமுறை காதைச் சோதித்துவிடுங்கள். பிறந்தபோது சோதித்தது போதாது.

அக்காவுக்கு இந்தக் கட்டுரை பிடிக்காது. அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன், போனை வைத்துவிட்டாள்.

ஹனோவர் திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மெஷினுக்கு அளவெடுக்க ஏழு வாரம் கழித்து நேரம் கொடுத்திருக்கிறார்கள். முன்னதாகக் கிடைக்குமா என்று தினமும் போன் செய்கிறேன். இப்போது மணி பன்னிரண்டு, சாப்பாட்டு நேரம். ஆதிரை அடுத்த அறையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய், அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவளாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் கூப்பிட வேண்டும்.