கோழிக்குஞ்சுகளுக்குப் பத்து பல்பு

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு எனக்குத் தலைக்கனம் பிடித்துக்கொண்டது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு உலகத்தையே ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விடுமுறையில்தான் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் முந்நூறு கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கின.

நாமக்கல்லிலிருந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் அப்பா அவற்றைப் பஸ்ஸில் கொண்டுவந்தார். போன வருடம் வாங்கியதில் பாதிக்கு மேல் குளிரில் செத்துப்போயிருந்தன. இந்தத் தடவையும் போனால் கொட்டகையில் ஆட்டைக் கட்டிவிடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டார். ஊரில் வேறு, கோழிக்கு எவனாவது கரண்டில் குளிர் காய வைப்பானா என்று சிரித்தார்கள். அப்பா தகரத்தை வட்டமாக வளைத்து வைத்து, நடுவில் நான்கு நூறு வாட் பல்புகளைத் தாழ்வாகத் தொங்கவிட்டார். தாய் இல்லாத குஞ்சுகளுக்கு அந்தச் சூடுதான் தாய்.

மார்கழி மாதம். காலை ஆறு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றிலும் உள்ள கிணறுகளில் மோட்டார்கள் ஓட ஆரம்பிக்கும். எங்கள் தோட்டம் லைனின் கடைக்கோடி. பல்புகள் சிவந்து மங்கிவிடும். குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் குவியும். அடியில் மாட்டியவை நசுங்கிச் சாகும். மூன்றாம் நாள் காலை பதினொரு குஞ்சுகள் செத்தன. அப்பா ஓடிப்போய் எங்கள் மோட்டாரை நிறுத்தினார். அப்படியும் கொட்டகையில் மாட்டியிருந்த வோல்ட்மீட்டரின் முள் நூற்றைம்பதைத் தாண்டவில்லை.

நூற்றைம்பது! எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. செத்த குஞ்சுகள் பக்கத்தில் கிடக்கத் துள்ளியது தப்புத்தான், ஆனாலும் துள்ளியது. கரித்துண்டை எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் எழுதினேன். இருநூற்று முப்பது வோல்ட்டில் நூறு வாட் என்றால் ஓடுவது 0.43 ஆம்பியர். அப்படியானால் பல்பின் மின்தடை ஏறக்குறைய 530 ஓம். அதே பல்பில் நூற்றைம்பது வோல்ட் விட்டால் ஓடுவது 0.28 ஆம்பியர். பெருக்கினால் வெறும் நாற்பத்திரண்டு வாட்!

"அப்பா, நாலு பல்பும் சேந்து நானூறு வாட்டுங்கறது பொய்யுங்க. நூத்தி எழுவதுகூட வல்லீங்க. பத்து பல்பு போடோணும்!"

அப்பா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வீட்டிலிருந்த இரண்டு பல்புகளையும் கழற்றிக்கொண்டு வந்தார். இன்னும் நான்கு வேண்டும்.

கிழக்கே அடுத்த தோட்டம் பெரியப்பாவுடையது. கிணற்றைப் பாகம் பிரித்ததிலிருந்து அவரும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் பங்காளிச் சண்டை பெரியவர்களோடு சரி, பிள்ளைகள் போய்வரத் தடை கிடையாது. வரப்பில் ஓடினேன். எங்கள் லைனிலேயே பெரிய மோட்டார் ஓட, பெரியப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க என் கணக்கு முழுவதையும் அவரிடம் ஒப்பித்தேன்.

"ஏங்கண்ணு, முள்ளு எந்நேரத்துக்கு எறங்குது?"

"மோட்டாருங்க ஓட ஆரம்பிச்சதும் எறங்குதுங்க பெரியப்பா. பத்து மணி வரைக்கும் அப்படியேதானுங்க."

"எத்தன நாளைக்குச் சூடு வேணும்?"

"றெக்க மொளைக்கற வரைக்குங்க. மூணு வாரம்."

அவர் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய், அங்கே மாட்டியிருந்த பல்புகளையே கழற்றி நான்கைக் கொடுத்தார்.

பத்து பல்பும் எரிந்தன. கால் மணி நேரத்தில் குவியல் கலைந்தது. குஞ்சுகள் பரவி நின்று தீனி கொத்தின. அப்பா என் தலையில் கை வைத்து, "சாமி, பொழைக்க வெச்சுட்டெ" என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், கணக்கு முழுவதையும் ஒரு தபால் கார்டில் எழுதி, ஆவன செய்யுமாறு கேட்டு, சாயங்காலமே கரண்டு ஆபீசுக்குப் போட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி. பல்புகள் மங்கவில்லை, ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. குஞ்சுகள் அலகைத் திறந்து இரைக்க இரைக்கத் தகரத்தின் ஓரத்துக்கு ஓடின. முள் இருநூற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது! பல்புக்கு எழுபத்தைந்து வாட், ஐந்தே போதும் என்று நான் கத்தினேன். அம்மா முந்தானையால் பிடித்து ஐந்து பல்புகளைத் திருகிக் கழற்றினார். நேற்றுச் சாயங்காலம் போட்ட கார்டுக்கு இன்று காலையே வோல்ட்டேஜ்! அரசாங்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கார்டு தபால் பெட்டியைவிட்டு வெளியே வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா மட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கிழக்குப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

அதன்பிறகு ஒரு குஞ்சும் சாகவில்லை.

இரண்டாவது வாரம் கடன் வாங்கிய பல்புகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெங்காயத் தாள் நுனியெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. பெரியப்பா, மாடு பூட்டித் தோல் சாலில் இறைக்கும் பழைய கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அந்த வயதில், இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு.

"மோட்டாருக்கு என்னாச்சுங்க பெரியப்பா?"

"காயில் கருகிப் போயிருச்சு கண்ணு. குஞ்செல்லாம் நல்லாருக்குதா?"

"எல்லாம் என் கணக்குங்க!" என்றேன்.

"ஆமா சாமி, உங்கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மாடுகளைத் திருப்பினார்.

மூன்றாவது வாரம் குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டோம். அதற்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியப்பாவின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பாவம், ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார் போலிருக்கிறது என்று கொட்டகையில் தீனி வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணையும் முகத்தையும் துடைத்துக்கொண்டார். கொட்டகைப் புழுக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, நான் மின்விசிறிக்கு எத்தனை வாட் ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.