பகலில் மாட்டிய கிளிப்

மேடவாக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். தண்ணி லாரி ஓட்டுபவர். கனத்த கழுத்து, சிவந்த கண். பேச வேண்டுமென்றால் வாயிலிருந்து கிளிப்பைக் கழற்றுவார். பேசி முடித்ததும் மாட்டிக்கொள்வார். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற கிளிப் அது.

"ராத்திரி போடுறதுதானே இது?" என்றேன்.

"இன்னா சார் நீ! ஸ்டியரிங் புடிச்சாதான் கண்ணு சொக்குது. ராவுல நல்லாத்தான் தூங்குறேன், அப்போ எதுக்கு?"

வெளியே வந்த டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணா, ராத்திரி பூரா உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. அதனாலதான் பகல்ல சொக்குது."

அவர் முகம் மாறியது. "அப்போ என் சம்சாரம் சொன்னது நெசமா? என்னை ஹால்ல படுக்கப்போட சாக்கு சொல்றாளோன்னு நெனச்சேனே!"

உடனே போனை எடுத்தார். "ஏம்மே, நீ சொன்னதுதான் கரீட்டு. மூச்சு நிக்குதாம். இன்னிக்கு ராவுல போட்டுக்கறேன், நீயும் தூங்கு."

மறுமுனையில் மனைவி என்ன சொன்னாரோ, "சரிம்மே, சரிம்மே" என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். அத்தனை பேர் நடுவில் மனைவியிடம் தோற்றுப்போய், இவ்வளவு நிம்மதியாக நின்ற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.