வெயிலில் வைத்து வாங்கிய லேப்டாப்

முறம் நகர்கிற சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. சிமெண்டுத் தரையில் சர்ர்ரென்று ஒரு இழுப்பு...

போடியில் நாங்கள் குடியிருந்த தெருக்கோடியில் ஒரு ஏலக்காய் குடோன். மேலே எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாக எல்லா முறமும் நகரும். அதில் ஒரு முறம் என் அம்மாவுடையது.

தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதை நம்பி ஒருத்தரும் காயைப் பார்க்க மாட்டார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாமே பச்சையாகத்தான் தெரியுமாம். வெளுத்ததும் கருத்ததும் பகல் வெளிச்சத்தில்தான் மாட்டும். அங்கே அது சட்டம் மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது என் முதல் லேப்டாப்பைப் பற்றியது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிப்புக்கு சீட் கிடைத்திருந்தது. லேப்டாப் இல்லாமல் முடியாது என்றார்கள். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார், வீட்டில் நானும் அம்மாவும்தான். இரண்டு பேருமாக பஸ் ஏறி தேனிக்குப் போனோம்.

கடைக்கார அண்ணன் இரண்டை எடுத்து வைத்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று மெலிசாக, கறுப்பாக, ஸ்கிரீன் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று. இன்னொன்று சாம்பல் நிறத்தில், தடியாக, பார்த்தாலே கொட்டாவி வருகிற மாதிரி. நான் பார்த்ததுமே கறுப்பில் விழுந்துவிட்டேன். வேகமும் அதில்தான் அதிகம், காலேஜ் வேலைக்கு அதுதான் சரி என்று அவரும் சொன்னார்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் கடைக்காரரிடம் சொன்னாள்.

"அப்பு, ரெண்டையும் வாசலுக்குக் கொண்டா."

"எதுக்குக்கா?"

"லைட்டுக்கடியில வச்சா எல்லாந்தேன் மினுக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டா, பாப்போம்."

சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு மானமே போய்விட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அண்ணன் நல்ல மனிதர், இரண்டையும் தூக்கி வந்து வாசல் ஸ்டூலில் வைத்தார்.

உச்சி வெயில். கறுப்பில் எங்கள் மூன்று பேர் முகமும், பின்னால் போகிற பஸ்சும்தான் தெரிந்தது. சாம்பலில் எழுத்து மங்கலாகவாவது தெரிந்தது.

"இதான். இதக் குடு."

"அம்மா... இது என்ன ஏலக்காயா? லேப்டாப்ப யாரும்மா வெயில்ல வச்சுப் பாப்பாங்க?"

"நீ சும்மா இரு புள்ள. பாத்து வாங்குறது எனக்குத் தெரியும்."

தெரியாது. லேப்டாப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அந்தச் சாம்பல் மூட்டை ஆன் ஆவதற்குள் நான் தலை பின்னி முடித்துவிடுவேன். எல்லாருடைய புரோகிராமும் ஓடி முடிந்த பிறகுதான் என்னுடையது யோசிக்கவே ஆரம்பிக்கும். ஃபேன் சத்தம் வேறு, லோடு ஜீப்பு மேடு ஏறுகிற மாதிரி. ஹாஸ்டல் ரூமில் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பேச ஆள் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. ரூமில் மற்றவர்கள் எல்லாரும் ஒரே ஸ்கூலிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குள் இங்கிலீஷில்தான் பேச்சு. என்னை ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது... நான் இருக்கிறேன் என்பதே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. மெஸ்ஸில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பேன். படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், போடிக்கே போய்விடலாம் என்று இருக்கும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் போனில் வீடியோ காலுக்கு வருவாள். நான் முகம் கழுவி, பவுடர் போட்டு, ரூமில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் நிறுத்தினாள்.

"லைட்டுக்கடியில இருந்து பேசாத ஆத்தா. வெளிச்சத்துக்கு வா."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அவ்வளவு வெயிலிலும் அந்தப் பாழாய்ப்போன ஸ்கிரீனில் அம்மா முகம் தெரிந்தது. அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். முறத்தைப் பார்க்கிற அதே பார்வை.

"அழுதிருக்க."

நான் துப்பட்டாவால் கன்னத்தைத் துடைத்தேன்.

"வந்துர்றியா?"

உடைந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, "இல்லம்மா... இருக்கேன்" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஒருத்திக்காவது தெரிந்துவிட்டதே என்ற தெம்பாக இருக்கலாம். அதன்பிறகு எல்லா ஞாயிறும் மொட்டை மாடிதான். அப்படித்தான் படித்து முடித்தேன்.

இப்போது சென்னையில் தனியாக ஒரு ஃப்ளாட். வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் கொடுத்த லேப்டாப் மெலிசு, கறுப்பு, அன்றைக்கு நான் ஆசைப்பட்ட அதே பளபளப்பு. மீட்டிங்கில் யாரும் கேமராவை ஆன் செய்வதில்லை. என் முகத்தை ஒருத்தரும் பார்க்காமலே ஒரு நாள் முடிந்துவிடும்.

போன வாரம் ஒரு நாள் மனசு சரியில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை... காலையிலிருந்தே அழுகை. அப்போது அம்மா வீடியோ காலில் கூப்பிட்டாள். அவள் இப்போது காய் பொறுக்கப் போவதில்லை. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால், மழை நிக்கட்டும், பனி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

"வெளிச்சத்துக்கு வா ஆத்தா" என்றாள், வழக்கம்போல.

முகம் கழுவவில்லை. பவுடர் போடவில்லை. பார்த்துவிடட்டும் என்று வீங்கின கண்ணோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனி வெயிலில் போய் நின்றேன். அந்தப் பளபள ஸ்கிரீனில் அம்மா தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது. அவள் குரல் மட்டும் வந்தது.

"ம்... நல்லாத்தேன் இருக்க."

ஆமாம்மா என்றேன்.