குணலட்சுமி அக்காவின் அளவு

வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கப் போகுமுன் குணலட்சுமி அக்கா அளவு நாடாவை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கிறார். மூச்சை உள்ளே இழுப்பதில்லை. அது கள்ள அளவாம். வாடிக்கைப் பெண்களின் அளவுகள் எழுதும் கொப்பியில் தனக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்திநாலு என்று இரண்டு வருடமாக எண்கள் இறங்கி வந்திருக்கின்றன.

வயது அறுபத்தாறு. திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் தனியே இருந்து பிளவுஸ் தைக்கிறார். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் கதைப்பார். ஒரு ஊசியும் விழாது. முழங்கால் நோவுக்கு ஐந்து கிலோ குறைக்கச் சொன்னார் ஒரு டொக்டர். அக்கா பதினான்கு குறைத்தார். "உடுப்பை ஒடுக்கத் தெரிஞ்ச எனக்கு உடம்பை ஒடுக்கத் தெரியாதே?"

எப்படி ஒடுக்கினார் என்று அறிய எனக்குச் சரியான ஆவல். பதினெட்டு வருடமாக அவரிடம் தைக்கக் கொடுப்பவள் நான். அடுப்படிக் குசினி வரைக்கும் போவேன். பால் இல்லை, கொழுப்பாம். முட்டை இல்லை, நெத்தலி இல்லை. இரவில் பால் விடாத வெறுந்தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். யாராவது சாப்பிடச் சொன்னால், "இண்டைக்கு விரதம்" என்பார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை. புதன்கிழமையில் என்ன விரதம் என்று நான் விடாமல் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சாமியின் நாள்தானே என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். இடையில் முதுகும் நோகத் தொடங்கியது. அதற்குத் தையல் மெசின்மேல் பழி.

போன மாதம் தனக்கொரு சோட்டி வெட்டினார். வீட்டில் போடும் அந்த நீளச் சட்டைக்குக் கொப்பியில் இருந்த அளவு ஐம்பத்திரண்டு அங்குலம். போட்டுப் பார்த்தால் நிலத்தில் இழுபட்டது. துணி நீண்டுவிட்டதென்று வீட்டில் நின்றபடியே கடைக்காரருக்கு நல்ல பேச்சு. பேசிக்கொண்டே நடந்தவர், படியில் சோட்டியின் விளிம்பு காலில் சிக்கி, மெசினை எட்டிப் பிடித்துத் தப்பினார்.

"நீர் ஒருக்கா பிடியும் பிள்ளை," என்று பக்கத்தில் நின்ற என்னிடம் நாடாவை நீட்டினார். இடுப்பைத் தானே அளக்கலாம். தோளிலிருந்து கணுக்கால் வரை தன்னைத் தானே அளக்க முடியாது. அதனால் அந்த ஒரு எண் மட்டும் பல வருடமாக மாறாமலே கிடந்தது. நான் வாசித்தேன்: ஐம்பது. எனக்குப் பிடிக்கத் தெரியாதென்று மூன்று தரம் அளக்க வைத்தார். மூன்று தரமும் ஐம்பதுதான். அடுத்த நாளே அவரை டொக்டரிடம் கூட்டிப் போனேன்.

முதுகைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் நசிந்து இறங்கிவிட்டன என்றார். இந்த வயதில் பெண்களுக்கு எலும்பு தானாகவே மெலியும். பாலும் மீனும் இல்லாமல் பட்டினி கிடந்தால் இன்னும் கெதியாக மெலியுமாம். அன்று படியில் விழுந்திருந்தால் இடுப்பு முறிந்திருக்கும், அதோடு மெசின் மிதிப்பும் முடிந்திருக்கும் என்றும் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "போன ரெண்டு அங்குலமும் திரும்பி வருமோ, டொக்டர்?"

வராது என்றார் அவர். இருப்பதைக் காப்பாற்றலாம்.

நேற்று நான் போனபோது, பால் விட்ட தேத்தண்ணியைக் கசாயம் போல முகத்தைச் சுழித்துக் குடித்துக்கொண்டிருந்தார். கொப்பியில் ஐம்பத்திரண்டை வெட்டி ஐம்பது என்று எழுதியிருந்தது. மடியில் அந்தச் சோட்டி, பக்கத்தில் கத்தரிக்கோல். கூடின துணியை வெட்டியெறிய ஒரு நிமிடம் போதும். அவர் வெட்டவில்லை. வளரும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைக்குச் செய்வதுபோல, அந்த இரண்டு அங்குலத்தையும் உள்ளே மடித்து, பிறகு இறக்கிவிடச் சுலபமாக, பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொண்டிருந்தார்.