இன்னும் அரை சென்ட் ஏறட்டும்

என் அக்கா வெர்னாவின் கணவர் நெஸ்டர் பிட்லுப்னிக்கு இந்த உலகத்தில் சந்தேகம் வராத பொருள் ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய தானியக் குதிர். மற்ற எதையும் நம்பமாட்டார். காப்பிக் கடையில் இரண்டாவது கோப்பையைச் சும்மா ஊற்றிக் கொடுத்தால், "அப்ப முதல் கோப்பையில எவ்வளவு அடிச்சீங்க?" என்று கேட்கிற மனுஷர். முப்பத்தெட்டு வருஷமாக நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன். ஒரு தடவைகூட அவர் என்னிடம் கார் சாவியைக் கொடுத்ததில்லை. இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.

வாழ்நாள் முழுக்கக் கோதுமையும் கனோலா என்கிற எண்ணெய்வித்தும் போட்டவர். கனடாவில் எங்கள் சஸ்காட்சுவான் பக்கம், அறுத்த கையோடு விற்கிறவனை யாரும் விவசாயி என்று மதிக்கமாட்டார்கள். குதிரில் கொட்டிப் பூட்டிவிட்டு, விலை ஏறுகிறவரைக்கும் சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதில் அத்தானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு வருஷம் இன்னும் ஏறட்டும், இன்னும் ஏறட்டும் என்று வைத்திருந்து, உள்ளே கனோலா சூடேறி ஒரு குதிர் முழுக்கக் கறுத்துப் போயிற்று. அதற்கும் வியாபாரிகள்தான் காரணம் என்றார்.

போன இலையுதிர் காலத்தில் அந்த நிலத்தை விற்றுவிட்டு அவரும் அக்காவும் எங்கள் சின்ன ஊருக்குள் குடிவந்தார்கள். விற்கும் முன் ஒரே மகள் லாரிசா தொலைவிலுள்ள பிரின்ஸ் ஜார்ஜ் ஊரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து கெஞ்சினாள். "எனக்குக் குடுங்கப்பா, நானும் கர்ட்டிஸும் பாத்துக்கறோம்" என்றாள், புருஷனையும் சேர்த்து. "கடன்ல முங்கிச் செத்துப்போவீங்க, இது உங்களால ஆகிற காரியமில்ல" என்று சொல்லி, அத்தான் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். அவள் கிளம்பும்போது, "என் வாசல்ல இனிமே கால் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு.

மார்ச் மாதம் லாரிசா அக்காவைப் போனில் கூப்பிட்டாள். ஜூன் நடுவில் பிரசவம். அம்மா கூடவே இருக்க வேண்டும். ஆனால் தங்க இடமில்லை. வாடகைக்கு இருப்பது ஒரு கார் கொட்டகைக்கு மேலே ஒற்றை அறை. கர்ட்டிஸ் ராத்திரி வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவன். அக்கா யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அத்தானிடம், "ஏங்க, நாம ஒரு டிரெய்லர் வாங்கினா என்ன? பிக்கப் வண்டிக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போயி, அவ வீட்டுப் பக்கத்துல நிறுத்திக்கலாம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றாள்.

அத்தான் சரி என்று சொன்னார். அவர் ஒரே பேச்சில் சரி என்று சொன்னபோதே எனக்கு ஏதோ உதைத்தது.

இங்கே விசாரித்தால் எல்லாம் யானை விலை. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் வட டகோட்டாவில் மைனாட் ஊரில் டுவேன் ஹௌக்லண்ட் என்று ஒருவர், மனைவி இறந்த பிறகு ஒரு டிரெய்லரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விற்கப் போட்டிருந்தார். இருபத்தோராயிரத்து ஐந்நூறு அமெரிக்க டாலர். மூன்று பேருமாகப் போய்ப் பார்த்தோம். அத்தான் படுத்துக்கொண்டு அடிப்பக்கம் பார்த்தார், கூரையைத் தட்டினார், மெத்தையைத் தூக்கி மோந்து பார்த்தார். டுவேனும் சும்மா இல்லை. முன்பணமாகக் கொடுத்த ஐந்நூறு டாலரை ஒவ்வொரு தாளாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மீதிப் பணத்துக்குக் கனடா பேங்க் காசோலை எல்லாம் வேணாம். எங்க பேங்க்ல அதை வாரக்கணக்கா முடக்கிப் போட்டுடுவான். நேரா என் கணக்குக்கு அனுப்புங்க. வந்து சேர்ந்ததும் சாவி உங்க கையில" என்றார் டுவேன்.

"அனுப்பினப்புறம் வரலேன்னு சொன்னா?" என்று கேட்டார் அத்தான்.

"நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்?"

"சொல்லமாட்டீங்க. சும்மா கேட்டேன்."

அப்புறம் இரண்டு பேரும் மழை பெய்யுமா பெய்யாதா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். மே மாதக் கடைசிவரை வைத்திருப்பதாக டுவேன் வாக்குக் கொடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த டாலர் பைத்தியம். எங்கள் கனடா டாலர் எழுபத்தொரு அமெரிக்க சென்டில் கிடந்தது. ஒரு சென்ட் ஏறினால் டிரெய்லர் விலையில் நானூறு டாலர் மிச்சம். அதை அவர் எங்களுக்குச் சொல்லாத நாளில்லை. காலையில் கூட்டுறவுக் கடையின் காப்பி மேஜையில் உட்கார்ந்து போனை எட்டப் பிடித்துக்கொண்டு, ஜோசியக்காரன் மாதிரி வாசிப்பார்.

"பேங்க்காரன் வெளிய எழுபத்தொண்ணுன்னு போடுறான். உள்ள போய் அமெரிக்க டாலர் குடுன்னு கேட்டா அறுபத்தொம்பதரைக்குத்தான் தர்றான். நடுவுல ஒண்ணரை சென்ட் எங்க போச்சு? கேட்டா, கட்டணமே கிடையாது சார்ங்கறான். கட்டணமே இல்லைங்கறவன்தான் கழுத்தறுப்பான்."

அதில் தப்பில்லை, எனக்கும் அது தெரியும். ஆனால் பக்கத்து வீட்டு லார்ன், குளிர்காலமெல்லாம் அரிசோனாவில் கழிக்கிற ஆள், "யோவ், எங்கிட்ட அமெரிக்க டாலர் மிச்சம் கிடக்குய்யா. போன்ல என்ன விலை காட்டுதோ அதே விலைக்கு எடுத்துக்க. பேங்க்காரனுக்கு ஏன் அழுவுற?" என்றார். அத்தான் நன்றி சொன்னார். லார்ன் எழுந்து போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

"இவன் ஏன் இவ்வளவு நல்லவனா இருக்கான்?"

"நல்லவரா இருக்கறதாலதான்."

"ம்ஹூம். அமெரிக்க டாலர் இறங்கப் போகுதுன்னு அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

ஏப்ரல் கடைசியில் எழுபத்திரண்டு வந்தது. வந்ததும் வாங்கிவிடலாம் என்று அவர் முன்பே சொல்லிவைத்த விலை அதுதான். அக்கா பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். அத்தான் சொன்னார்: "ஏறுற மாதிரி இருக்கு. இன்னும் அரை சென்ட் ஏறட்டும்." அரை சென்டும் ஏறிற்று. "எழுபத்தி மூணு பாத்துடலாம்" என்றார். மே மாதம் பாதியில் எழுபத்து மூன்றும் ஆயிற்று. அன்றைக்கு அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "இன்னும் அரை சென்ட்" என்றார். எனக்கு அந்த வெண்ணெய்க் கத்தியைப் பிடுங்கி எறியலாம் போல வந்தது.

கருமித்தனம் என்றால் எங்கேயாவது ஒரு இடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. காசு இருக்கிறவன் இப்படித் தள்ளிக்கொண்டே போவானா? பக்கத்து டவுன் யார்க்டனில் ஒரு சூதாட்ட விடுதி இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அத்தான் யார்க்டனுக்குப் போய்வருவார். கேட்டால் டயர் பார்க்கப் போனேன் என்பார். எத்தனை டயர் பார்ப்பான் ஒரு மனுஷன்? நிலம் விற்ற பணம் மொத்தமும் போய்விட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நான். அக்கா மாவை வட்டமாக வெட்டி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்துப் பெரோஹி மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா, காசு இருக்கான்னு ஒரு தடவை பேங்க்ல கேளு."

அக்கா கையை நிறுத்தினாள். "ஏன் இல்லாம போகும்?"

"அத்தான் நடந்துக்கறது சரியா இல்ல. வியாழக்கிழமை எங்க போறார்னு உனக்குத் தெரியுமா?"

"வாயை மூடு டோரீன். உன் புருஷன் குடிச்சே அழிச்சான்னா, எல்லா புருஷனும் அப்படியா? ஒன்னு ரெண்டு சென்ட்டுக்கு அல்லாடுவாரே தவிர, அவர் காசை விடுற ஆளில்ல."

"அப்ப கேக்கறதுல என்ன பயம்?"

 அவள் மடித்துக்கொண்டிருந்த பெரோஹியின் விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தாள், மாவு கிழிந்து கிழங்கு வெளியே வந்தது. மறுநாள் காலை டுவேன் போன் செய்தார். பிஸ்மார்க்கிலிருந்து ஒருவர் சனிக்கிழமை ரொக்கத்தோடு வருகிறார், உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். பிரசவத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. போனை வைத்ததும் அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு, "வா, வண்டியை எடு" என்றாள்.

எங்கள் கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் ஷெல்லி உட்கார்ந்திருந்தாள். நான் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளை. அக்கா நிமிர்ந்து நின்று, "எங்க ரெண்டு பேர் கணக்குலருந்து இருபத்தோராயிரம் அமெரிக்க டாலர் வாங்கணும். என்ன விலையா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அவள் வாழ்க்கையில் சொன்னதே இல்லை.

ஷெல்லி திரையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "இன்னொரு இருபத்தோராயிரமா ஆன்ட்டி?"

"இன்னொன்னா?"

"அங்கிள்தான் மார்ச்லயே வாங்கிட்டாரே. உங்க ரெண்டு பேர் பேர்லயும் அமெரிக்க டாலர் கணக்கு தொறந்து அதுலயே கிடக்கு. நீங்க மைனாட் போயிட்டு வந்தீங்களே, அதுக்கு மறுநாள். விலைகூடக் கேக்கல. குடுங்கம்மான்னு வாங்கிட்டுப் போனார். எனக்கே பயமாயிடுச்சு, உடம்பு சரியில்லையா அங்கிள்னு கேட்டேன்."

எழுபத்தொன்றுகூட இல்லை, அறுபத்தொன்பதரைக்கு வாங்கியிருக்கிறார். சூதாட்டம் என்று நான் கட்டிய கோட்டை சரிந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. அப்படியானால் இரண்டு மாதமாக அந்த மேஜையில் உட்கார்ந்து வாசித்தது எல்லாம் என்ன? 

அத்தான் கார் கொட்டகையில், புது டயர் மாட்டிய பிக்கப்புக்குக் கீழே ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவர் கால்மாட்டில் போய் நின்றாள்.

"ஏங்க, டாலர் இன்னைக்கு என்ன விலை?"

"எழுபத்தி மூணே கால். இன்னும் அரை…"

"பேங்க்ல தூங்குதே இருபத்தோராயிரம், அது என்ன விலை?"

முடுக்குகிற சத்தம் நின்றது. அவர் மெள்ள வெளியே வந்தார். எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து கையைத் துணியில் துடைத்தார், சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காசு ரெடின்னு சொன்னா, கிளம்புன்னுவ" என்றார்.

"கிளம்பத்தானே வாங்கினது!" என்று நான் கத்தினேன். "என்ன அத்தான் இது? நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

"டோரீன், நீ சும்மா இரு." பிறகு அக்காவைப் பார்த்தார். "அது எந்தக் காசு, வெர்னா? லாரிசா கேட்ட நிலம். அதை வித்து, சொகுசா ஒரு வண்டி வாங்கி, அதை அவ வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தவா? அவ அந்த ஒத்தை ரூம்லருந்து தினம் எட்டிப் பாக்கணுமா அதை? நீ கேட்ட அன்னைக்கு எனக்கும் போகணும்னுதான் இருந்துச்சு. டாலரை வாங்கிட்டு வெளிய வந்து வண்டியில உட்கார்ந்தேன். பயம் வந்துடுச்சு. அவ்வளவுதான்."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அவரைப் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய தோட்டக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அழவில்லை. "பிள்ளை பிறக்கறப்ப நான் அங்க இருக்கணும். உங்க பயத்துக்காக நான் இங்க உட்காரமாட்டேன்" என்று சொல்லி, போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டி பிக்கப்பின் முன்மூடிமேல் வைத்தாள். "பேசுங்க."

"அம்மா?" என்றாள் லாரிசா.

"அம்மா இல்ல. நான்."

 லாரிசாவின் குரல் பதறியது. "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம்?"

 "டாலர் எழுபத்தி மூணே கால்ல நிக்குது" என்றார் அத்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?"

"இல்லம்மா. ஒரு டிரெய்லர். இருபத்திநாலு அடி. அம்மா வந்து தங்க. அது… நிலம் வித்த காசு, லாரிசா. உன்னைக் கேக்காம உன் வாசலுக்குக் கொண்டுவரக்கூடாது. அதான் கேக்கறேன். அம்மாவையும் வண்டியையும் விட்டுட்டு நான் பஸ்ல திரும்பிடுவேன்."

 துண்டித்துவிட்டாளோ என்று அக்கா குனிந்து போனைப் பார்த்தாள்.

"நம்ம நிலத்துல வடக்கு ஓரத்துல, அந்த மரவரிசைக்குப் பக்கத்துல ஒரு வீடு கட்டணும்னு இருந்தேன்ப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வித்தீங்களா?"

"தெரிஞ்சுதான் வித்தேன்."

 அவள் பக்கம் பின்னால் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பஸ்ஸெல்லாம் வேணாம்" என்றாள் லாரிசா. குரல் உடைந்திருந்தது, கோபமும் இருந்தது. "அந்த நிலம் இப்ப அந்த வண்டியாத்தானே இருக்கு, அதைக் கொண்டுவாங்க. என் பிள்ளை அந்த நிலத்துல ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்."

 அத்தான் அக்காவைப் பேசச் சொல்லிக் கை காட்டிவிட்டு, பிக்கப்பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் குனிந்துகொண்டார். நான் டுவேனைக் கூப்பிட வெளியே போனேன்.