துரையின் ‘டாய்’

ஆட்டம் தொடங்குமுன் எத்தோரே இரு பக்கத்துக் கோல் கம்பங்களிடமும் போவார். தேங்காய் வாங்குகிறவரைப் போல விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "போஸ்ட் ஹேஸ் நோ பிரெண்ட்" என்று தலையாட்டிக்கொண்டு திரும்புவார். கம்பத்துக்குச் சிநேகிதன் கிடையாதாம். பிறகு கோட்டோரம் நின்று, மடிப்புக் கலையாத வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துத் தன் சப்பாத்தைத் துடைப்பார். புல்லானாலும் சேறானாலும் அவர் காலில் கறுத்த தோல் சப்பாத்துத்தான்.

ரொறொன்ரோவின் கிழக்கே, வோபர்ன் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாடும் தமிழ்க் கழகம் ஒன்றுக்கு அவர் பயிற்சியாளர். எத்தோரே என்ற பெயர் பெடியளின் வாயில் நுழையவில்லை. முன்பாதியை வெட்டி, பின்பாதியை இழுத்து, "துரை" ஆக்கிவிட்டார்கள். ஆள் வெள்ளைக்காரன் வேறு. பெயர் பொருந்தாமல் என்ன செய்யும்?

தெற்கு இத்தாலியில் மலைச்சரிவிலிருந்த ஒரு சிறு நகரத்துக்காக அவர் மூன்றாம் பிரிவில் ஆடியவர். முதற்பிரிவு ஆட்டக்காரனின் படம் பத்திரிகையில் வரும். மூன்றாம் பிரிவு ஆட்டக்காரனை அவனுக்கு முடிவெட்டுகிறவருக்குத்தான் தெரியும். ஒரு வருடம், இரண்டாம் பிரிவுக்கு ஏற அவர்களுக்கு ஒரேயொரு கோல் தேவைப்பட்டது. கடைசி ஆட்டத்தில் அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்த வருடம் முழங்கால் போனது. ரொறொன்ரோவுக்கு வந்து கொங்கிறீற் குழைத்தார். சனிக்கிழமைகளில் இத்தாலியக் கழகங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பாவம், ஏறத் தெரியாத கழகங்களாகவே அவருக்கு வாய்த்தன. பிறகு அந்தக் குடும்பங்கள் வடக்கே பெரிய வீடுகளுக்குப் போக, பிள்ளைகள் ஹொக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். கடைசிக் கழகம் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அவரை அனுப்பிவைத்தது. வேலை இல்லாதவனுக்கு மணி எதற்கு என்று அதை அவர் சுவரில் மாட்டவேயில்லை.

மகள் வீட்டோடு ஸ்காபரோவுக்கு வந்தவர், வேலிக்கு வெளியே நின்று இவர்களின் ஆட்டத்தைப் பார்த்தார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து, இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனைத் தோளில் பிடித்து நாலு அடி தள்ளி நிறுத்தினார். அன்று அந்தப் பக்கத்தால் கோல் விழவில்லை. அடுத்த கிழமையும் வரச் சொன்னார்கள், வந்துவிட்டார்.

அவருக்கு வாய் ஓயாது. "டாய்! டாய்! டாய்!" இத்தாலியனுக்கு அது "விடாதே, போ, போ" என்கிற உற்சாகச் சொல். அவர் சொன்னது தகரமா டகரமா என்று ஆராய ஓடுகிறவனுக்கு நேரமேது? "துரை தமிழ் பழகிட்டாரடா, டேய் எண்டெல்லோ கூப்பிடுறார்!" என்று பெடியளுக்குச் சரியான சந்தோசம்.

கோல் காப்பாளர் அல்பேட்டுக்குத்தான் சந்தோசமில்லை. நாற்பதைத் தாண்டிய மனிதர். மன்னாரில் கிராம சேவையாளராக இருந்தவர். "விதானையார்" என்று ஊரே எழுந்து நின்றது. கோடைக்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். தொண்ணூற்றாறு செப்டெம்பரில் ஒரு பயிற்சியின்போது, மூலை உதை ஒன்றுக்கு வெளியே வரத் தயங்கினார்.

"டாய், அல்பேர்த்தோ! டாய்!"

அல்பேட் கையுறைகளைக் கழற்றிக் கோல் கோட்டின்மேல் வைத்தார். ஆணிச் சப்பாத்தோடேயே பஸ் தரிப்புக்கு நடந்தார்.

வரும் சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்காமல் விட்டாலே கழகம் முதற்பிரிவுக்கு ஏறிவிடும். வாழ்நாளில் ஒருமுறைகூட ஏறாத துரைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அணித் தலைவன் சீமோனைப் பிடித்துக் காரணம் கேட்டார். அது நாயை, வால் முளைத்த பொடியனைக் கூப்பிடும் சொல் என்று சீமோன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினான். எத்தோரேயின் முகத்தில் ஈயாடவில்லை.

"பட் ஐ சே தட் டு மை மதர்!"

மறுநாள் பின்னேரம், மகள் வீட்டு வளவில் பழுத்த அத்திப்பழங்களோடு, சீமோனையும் கூட்டிக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணில் அல்பேட்டின் வீட்டுக்குப் போனார். அல்பேட்டின் மனைவி எமில்டா கதவைத் திறந்தாள். சுவரில் மடு மாதா படத்தைக் கண்டதும் துரை சிலுவை போட்டுக்கொண்டார். அதிலேயே எமில்டா பாதி இளகிவிட்டாள். அல்பேட் இளகவில்லை.

"சீமோன், உவருக்குச் சொல்லு. ஃபக்டரியில நான் 'அல்'. நேற்று வந்த பெடியனும் 'ஏய் அல்' எண்டுதான் கூப்பிடுறான். கிரவுண்டில மட்டுந்தான் நான் அல்பேட் அண்ணை. உவர் அதையும் புடுங்கிப்போட்டார்."

சீமோன் மொழிபெயர்த்தான். துரை தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார்.

"மீ, எட்டி. கொங்கிறீற், டுவன்ரி இயர்ஸ், எவ்ரிபடி சே எட்டி."

இருபது வருடம் வேலையிடத்தில் ஒருவரும் அவரை எத்தோரே என்று கூப்பிடவில்லை. அதைச் சொல்லும்போது அவருக்கு இன்னும் வலித்தது. "அண்ணை" என்றால் என்ன என்று கேட்டார். மூத்த சகோதரன் என்றான் சீமோன். துரை அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். இனிமேல் டாய் சொல்வதில்லை என்று மாதா படத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணிவிட்டு எழுந்தார். அல்பேட் வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஆட்டத்துக்கு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தார். துரையின் முகத்தைப் பாராமல் கையுறைகளைப் போட்டார். துரை கம்பங்களைத் தட்டிக் கேட்டுவிட்டு, லேஞ்சியை உருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டார். தன் சத்தியத்தைத் தானே நம்பவில்லைப் போலும். ஆட்டம் முழுக்க ஊமையாகக் கையையும் காலையும் ஆட்டினார். சத்தமில்லாமல் பெடியளுக்கும் கால் ஓடவில்லை. கோலே இல்லாமல் முடியப்போகிற நேரம், எதிரணிக்குப் பெனால்ரி கிடைத்தது.

கோட்டில் நின்ற அல்பேட் பந்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் கண் கலங்கி, வாயில் துணியோடு நின்ற மனிதரைப் பார்த்தார்.

"என்ன துரை, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ? ஒருக்கா டாய் எண்டு சொல்லுங்கோவன்!"

துரைக்கு விளங்கியது அதில் ஒரு சொல்தான். லேஞ்சியைப் பிடுங்கி எறிந்தார்.

"டாய், அண்ணை! டாய்!"

அறுபதை நெருங்கிய மனிதர் நாற்பது வயதுக்காரரை அண்ணை என்றதில் மைதானமே சிரித்தது. அல்பேட் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் பாய்ந்தார். பந்து அவருடைய நெஞ்சில் மோதி வெளியே போனது. சற்று நேரத்தில் கடைசி விசில் ஊதியது.

பெடியள் அல்பேட்டின் மேல் விழுந்து புரண்டார்கள். துரை அவசரப்படவில்லை. எல்லாரும் எழும்பி விலகும்வரை நின்றுவிட்டு, தோல் சப்பாத்தோடு மெல்ல நடந்து வந்தார். கம்பத்தைக் கடந்து போய், அல்பேட்டின் நெஞ்சில் விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.